எழுந்து வந்தேன்னா தெரியும்

பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அன்பு வேண்டும், பொறுமை வேண்டும், நாமே முன்மாதிரியாக நடக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். கால் வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பதினான்கு வயதில் ஒன்றும் ஒன்பது வயதில் ஒன்றும் இருக்கின்றன. இத்தனை வருடமாக அந்த இரண்டையும் நான் மேய்த்தது அன்பாலும் இல்லை, அறிவாலும் இல்லை. "எழுந்து வந்தேன்னா தெரியும்" என்ற ஒரே ஒரு வாக்கியத்தால். எழுந்து போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. போக வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டாலே அந்த அறையில் டி.வி. அணைந்துவிடும்.

அந்த ஆட்சியைக் கவிழ்த்தது அல்சூரில் ஒரு நடைபாதைக் கல்.

பெங்களூர் நடைபாதையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பேட்டைகளில் பாதி இடத்தில் நடைபாதை என்பது மழைநீர்க் கால்வாயின் மூடிதான். கற்பலகைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்பது அந்தத் தெருக்காரர்களுக்கு மனப்பாடம். யாரோ கேபிள் பதிக்கத் தோண்டி, திரும்ப வைக்கும்போது கற்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மார்க்கெட்டிலிருந்து கொத்தமல்லியும் கையுமாக வருகிறேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கிறது. சாலையில் இல்லை, நடைபாதையில். ஒதுங்கி, எப்போதும் ஆடாத கல்லில் காலை வைத்தேன். அது ஆடியது. கணுக்கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். அவ்வளவுதான் விபத்து. பின்னால் பார்க்க வந்தவர்களெல்லாம் இதைக் கேட்டு ரொம்பவே ஏமாந்து போனார்கள்.

ஸ்கூட்டர்காரர் ஓடிவிட்டார் என்று சொல்லக் கூடாது. நின்று, "பார்த்து நடக்கக் கூடாதாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுத்தான் போனார். தூக்கிவிட்டது ஓர் ஆட்டோக்காரர். என்னைப் பின் சீட்டில் குறுக்காக உட்காரவைத்து, காலைச் சீட்டின் மேலேயே நீட்டச் சொல்லி, "நிதானா, அக்கா, நிதானா" என்று சொல்லிக்கொண்டே மீட்டரைப் போட்டார். கேட்காமலே மீட்டர் போடுகிற ஆட்டோவில் ஏறியதும், நம் நிலைமை எவ்வளவு மோசம் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த இளம் டாக்டர், "பாட்ஸ் ஃப்ராக்சர்" என்றார். எலும்பு விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், மாவுக்கட்டு போதும், ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் அந்த பாட் யார் என்று போனில் தேடினேன். பெர்சிவல் பாட், லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் பெரிய சர்ஜன். 1756-ல் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு வழக்கமான வைத்தியம், காலை வெட்டி எடுப்பது. மனிதர் தெருவில் கிடந்தபடியே, யாரும் தன்னைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பல்லக்குத் தூக்கிகளுக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் வருவதற்குள் ஒரு கதவை விலைக்கு வாங்கினார். பல்லக்குக் கழிகளைக் கதவோடு சேர்த்து ஆணியடிக்கச் சொல்லி, அதில் படுத்து வீடு வந்து சேர்ந்தார். வெட்டுவதற்குக் கத்தியெல்லாம் எடுத்துவைத்துவிட்ட நேரத்தில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த எட்வர்ட் நோர்ஸ் வந்து, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று தடுத்திருக்கிறார். கால் பிழைத்தது. அவர் ஒடித்துக்கொண்டது என்னைப் போலக் கணுக்காலை அல்ல. ஆனால் பிற்பாடு கணுக்கால் முறிவைப் பற்றி விரிவாக எழுதினார், பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் என்னை உறுத்தியது வேறு. படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் அவர் குடலிறக்கம் பற்றி ஒரு பெரிய மருத்துவ நூலை எழுதியிருக்கிறார். பிள்ளைகுட்டிக்காரர் வேறு. அந்தப் புத்தகம் எழுதி முடிகிறவரை வீட்டில் பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டார்கள், யார் சண்டை தீர்த்தார்கள் என்று எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதவில்லை. நான் படுத்திருந்த காலத்தில் ஒரு மளிகைச் சீட்டைக்கூட ஒரே மூச்சில் எழுதி முடிக்க முடிந்ததில்லை. "உளுந்து அரை கிலோ" என்று எழுதுவதற்குள் இரண்டு தடவை "அம்மா, இவனைப் பாரேன்" வந்துவிடும்.

ஹால் சோபாதான் என் தலைமையகம். அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும், சமையலறை பாதி தெரியும், பிள்ளைகள் அறை தெரியாது. முதல் வாரம் அவர்களுக்கு இது பிடிபடவில்லை. பழக்க தோஷத்தில் என் குரலுக்குப் பயந்தார்கள். பிறகு சின்னவன் ஒரு நாள் சோதித்துப் பார்த்தான். டேபை வைத்துவிட்டுக் கன்னடப் பாடத்தை எடு என்றேன். பதில் இல்லை. "எழுந்து வந்தேன்னா தெரியும்" என்றேன். உள்ளேயிருந்து ரொம்பப் பிரியமான குரலில் பதில் வந்தது:

"மெதுவா வாம்மா. அவசரப்படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல?"

விட்டுவிட முடியுமா? வாக்கரைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் தவ்வித் தவ்விப் போனேன். மொசைக் தரையில் வாக்கர் டக்கு டக்கு என்று சத்தம் போடும், யானைக்கு மணி கட்டிவிட்ட மாதிரி. நான் அறை வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் டேப் தலையணைக்கடியில் போய், கன்னடப் புத்தகம் விரிந்து, பையன் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகம் நேராகக்கூடப் பிடித்திருந்தான். குற்றம் சாட்ட ஒன்றுமில்லை. திரும்ப அதே டக்கு டக்கு. அது தேய்ந்து மறைந்ததும் டேப் மறுபடி பாட ஆரம்பித்தது.

நடக்க முடியாதவளுக்கு வேறு ஆயுதம் வேண்டுமே. உட்கார்ந்த இடத்திலிருந்து போனிலேயே வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அபாரமாக வேலை செய்தது. அரை நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளும் ஹாலில் நின்றார்கள். கூடவே, அடுத்த அறையில் அமெரிக்காக்காரர்களிடம் ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அதோடு அந்த ஆயுதமும் பறிமுதல்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், சமையலையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியமாக இறங்கினார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கு எதுவும் துல்லியமாக இருக்க வேண்டும். ரசத்துக்கு மிளகு எவ்வளவு என்பார். கொஞ்சம் போடுங்க என்பேன். கொஞ்சம் என்றால் எத்தனை கிராம் என்பார். குக்கர் விசில் எண்ணுகிற வேலையை என்னிடம் விட்டிருந்தார். நான் ஹாலிலிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் எதிர்வீட்டுக் குக்கரும் சேர்ந்து கூவியதில் கணக்குக் குழம்பி, அன்றைக்குப் பருப்பு பல்லைப் பதம் பார்த்தது. "ரெக்குயர்மென்ட் தெளிவா இல்ல" என்றார்.

தண்ணீர் விவகாரம் அதைவிட மோசம். பெங்களூருக்குக் காவிரி வருவது சும்மா இல்லை. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளித் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, பம்ப் மேல் பம்ப் வைத்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றித்தான் இந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். அப்பேர்ப்பட்ட காவிரி, மலையேறி, ஊர் தாண்டி, எங்கள் தெருவுக்கு வந்து, கேட்டுக்குள்ளே நுழைந்து சம்ப்பில் நிறைந்து நிற்கிறது. அங்கிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற, மோட்டார் சுவிட்சைத் தட்ட வேண்டும். அதைத் தட்டுகிற ஆள் சோபாவில் கிடக்கிறாள். காலையில் முகத்தில் சோப்பு நுரையோடு நாலு பேர்... தப்பு, மூன்று பேர் (எனக்குக் குளியலே ஒரு தனி அரசாங்க விழா, காலுக்குப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஸ்டூல் போட்டு, ஆள் வைத்து) "தண்ணி வரல" என்று கத்துகிறார்கள். இந்த வீட்டில் தண்ணீர் தானாக வருவதில்லை என்பதே அன்றைக்குத்தான் மூவருக்கும் தெரிந்தது.

பிறகு மாமியார் வந்தார். வேலூரிலிருந்து, பிருந்தாவன் எக்ஸ்பிரஸில், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் ஒரு கோணி நிறையப் பிரண்டை.

கட்டைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "இதை எதுக்கு இங்க கட்டினீங்க? புத்தூருக்குக் கூட்டிப் போயிருந்தா இந்நேரம் நடந்துட்டிருப்பா." ஆந்திராவில், திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கிற புத்தூரைச் சொல்கிறார். தலைமுறை தலைமுறையாக அங்கே எலும்பு முறிவுக்கு மூலிகையும் முட்டையும் பூசி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் கட்டுகிறார்கள். வடாற்காட்டுப் பக்கம் கைகால் முறிந்தால் பாதிப் பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊர்தான். பெங்களூரிலேயே அதன் பேரில் எத்தனையோ போர்டு தொங்குகிறது. "அதுவும் அசையாமக் கட்டறதுதான், இதுவும் அதேதான் அத்தை" என்றேன். இந்த மாவுக்கட்டு 1851-ல் மாத்தைசன் என்கிற டச்சு ராணுவ டாக்டர், துணியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடியைத் தேய்த்து நனைத்துச் சுற்றிக் கண்டுபிடித்தது என்று நான் போனில் படித்ததை வேறு எடுத்துவிட்டேன். "அவரு கட்டினவங்க யாராவது உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். இல்லை. "புத்தூர்ல கட்டினவங்க எங்க தெருவுல மட்டும் நாலு பேரு." வாதம் முடிந்தது.

பிரண்டைத் துவையல் செய்வதை நான் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இளசாகப் பார்த்து எடுத்து, கணுக்களை வெட்டி எறிந்து, நாலு பட்டையிலும் நாரை உரிக்க வேண்டும். தொடுவதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும். பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிற வரைக்கும் எண்ணெயில் வதக்க வேண்டும், அவசரப்பட்டால் நாக்கும் அரிக்கும். உளுந்து, மிளகாய், புளி, ஒரு துண்டு இஞ்சி வைத்து அரைத்தால் துவையல். வீட்டுக்காரர் உதவிக்குப் போனார். எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னதற்கு, "கிளவுஸ் இருக்கும்மா" என்றார். கிளவுஸ் எங்கே என்று தேடிக் கிடைக்காமல் வெறுங்கையோடு உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை வீட்டில் இரண்டு பேருக்கு அரிப்பு. எனக்குக் கட்டுக்குள்ளே, அவருக்குக் கட்டில்லாமல்.

கட்டுக்குள்ளே அரிப்பது என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். உலகத்தில் வேறு எந்த ஆசையும் அப்போது மனதில் இருக்காது. ஈர்க்குச்சி விட்டுக் குடையலாமா என்று டாக்டரிடம் கேட்டால், குத்திப் புண்ணாகிவிடும், கூடவே கூடாது என்றார். ஈர்க்குச்சியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு போனில் இதைக் கேட்டிருக்கக் கூடாது. பெரியவள் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிரண்டை வந்த செய்தி கீழ்வீட்டுக் கன்னடத்து அம்மாவுக்கு எப்படியோ போய்விட்டது. அவர் பங்குக்கு ராகி முத்தையும் சொப்பு சாறும் வந்தன. "மூளே கட்டி ஆகுத்தே" என்றார். எலும்பு உறுதியாகுமாம். அதில் தப்பில்லை, நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் முத்தையை மெல்லக் கூடாது, கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். அவர் எதிரில் நின்று நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மாமியார் துவையல் கிண்ணத்தோடு நின்றார். இன்னொரு பக்கம் டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரை. எனக்கு இருந்தது ஒரு கணுக்கால் முறிவு, உள்ளே போனது ஒரு யானைக்கு முழு எலும்புக்கூடு கட்டுகிற அளவுக்கு.

ஆட்டுக்கால் சூப்பு பற்றித் தனியாகச் சொல்லவில்லை. அது வந்தது. வந்துகொண்டே இருந்தது.

பார்க்க வந்தவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி செருப்பைக் குறை சொல்லும், இன்னொன்று கிரகத்தைக் குறை சொல்லும். நடைபாதையை ஒருவரும் குறை சொல்லவில்லை, அது மழை மாதிரி, வந்தால் வந்ததுதான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கிற பெரியவர் ஒருவர் மட்டும் புதுமாதிரி ஆறுதல் சொன்னார். "ஆறு வாரம்தானேம்மா? நம்ம அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரைப் பாரு. 1991-ல வந்து நின்னவரு. காவிரிப் பிரச்சினை, மொழிப் பிரச்சினைன்னு திறக்க விடாம மூடியே வச்சிருந்தாங்க. 2009 ஆகஸ்டுல கருணாநிதியும் எடியூரப்பாவும் வந்துதான் திறந்தாங்க. பதினெட்டு வருஷம் கட்டுப் பிரிக்காம இருந்தவரு ஏதாவது முணுமுணுத்தாரா?" அந்தத் திறப்புக்குப் பதில் மரியாதையாகச் சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள் என்றும் சொன்னார். வள்ளுவருக்கு வீட்டில் கன்னடத் தேர்வுக்குப் படிக்காத பையன் இல்லை என்று நான் சொல்ல நினைத்தேன். பெரியவர், விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் ஆட்சி மாறியதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். பால்காரர் கணக்கு, காஸ் புக்கிங், வேலைக்கு வரும் அக்காவின் லீவு எல்லாம் பெரியவள் கைக்குப் போயிருந்தது. என் போனின் பின் நம்பர் முதல் கொண்டு அவளுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் உள்ளே சின்னவன் ஏதோ ரகளை செய்துகொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து ஒரு குரல், என் குரலேதான், அதே ராகம், அதே இழுப்பு: "எழுந்து வந்தேன்னா தெரியும்!" அடுத்த நொடி வீடு அடங்கியது. அவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, அவனுக்கு அது தெரியும்.

பெருமைப்படுவதா, பதவி போனதற்கு வருந்துவதா என்று எனக்கு விளங்கவில்லை. "நல்லாப் பேசறா" என்றார் மாமியார். யார் வளர்ப்பு என்று அவர் சொல்லவில்லை.

கட்டுப் பிரிக்கிற நாள் குடும்பமே கிளம்பியது. சின்னவன் வந்ததற்குக் காரணம் ரம்பம். மின்சார ரம்பத்தால் காலோடு சேர்த்து அறுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அதைப் போட்டுத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்தத் தட்டு சுற்றாது, வெறுமே அதிரும், அதனால் கெட்டியான மாவை வெட்டும், மெத்தென்ற தோலை வெட்டாது. பையன் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம். உள்ளேயிருந்து வந்த கால் மெலிந்து, தோல் உரிந்து, யாருடையதோ போலிருந்தது. புதிய எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர், "சூப்பராச் சேர்ந்திருக்கு" என்றதும் மாமியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பிரண்டை. வீட்டுக்காரர் தன் சமையலை நினைத்துக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கீழ்வீட்டு அம்மா அங்கே இல்லை, இருந்தால் ராகிக்கு ஓர் ஓட்டு. "அசையாம வச்சா எலும்பு தானாச் சேரும்" என்று டாக்டர் விளக்க ஆரம்பித்தார். ஒருத்தரும் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்தால் நடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிசியோதெரபி என்று ஒன்று இருக்கிறது. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டு, துண்டைப் பாதத்தில் மாட்டி இழு, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கு, ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று முறை, வேளாவேளைக்கு. ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு, "வீட்டுல யாராவது பார்த்துக்கிட்டா நல்லது" என்றார் பிசியோதெரபிஸ்ட். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சின்னவன் கையைத் தூக்கினான்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் எனக்கு வகுப்பு. அவன் நாற்காலியில் உட்காருவான், நான் சுவரோரம் நிற்பேன். எண்ணுவது அவன். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் நான் ஏழை விழுங்கினால், "முதல்லேர்ந்து" என்பான். வலிக்குது என்றால், "எனக்கும் கன்னடம் எழுதினா கை வலிக்கும்" என்பான். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே செய்தால் அணைத்துவிடுவான். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டான் என்று நான் யாரையும் கேட்க முடியாது.

ஒரு நாள் அலுப்பில் குதிகால் பயிற்சியை ஒப்புக்குச் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் தாளை எடுத்துக்கொண்டு போனான், சிவப்புப் பேனாவோடு திரும்பி வந்தான். அந்தத் தேதிக்கு நேராக அவன் பள்ளிக்கூட டைரியில் அடிக்கடி பார்க்கிற அதே கோணல் எழுத்துப் பாணியில், "கவனம் போதாது. பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி வரவும்" என்று எழுதியிருந்தது.

வீட்டில் எனக்குப் பெரியவர் என்றால் ஒருத்தர்தான். தாளை எடுத்துக்கொண்டு, வாக்கர் இல்லாமல், நொண்டியபடி மாமியாரிடம் போனேன். கண்ணாடியை எடுத்து மாட்டி, முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு, தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது என்னிடம் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த பேரனிடம்தான் சொன்னார்:

"இன்னும் பத்து தடவை செய்யச் சொல்லுடா."